ஓல்ட் டிராஃபோர்டை இடிச்சிட்டுப் புது ஸ்டேடியம் தேவையா? கூரை ஒழுகுறதை வச்சு முடிவு பண்ணாதீங்க

சால்ஃபோர்டுல வேலை பாக்குற ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "நானும் என் பையனும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு சீசன் டிக்கெட் வச்சிருக்கோம், அவங்க மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுல பாபி சார்ல்டன் ஸ்டாண்ட்ல சீட்டு. 1 லட்சம் பேர் உக்கார்ற மாதிரி 200 கோடி பவுண்டுல புது ஸ்டேடியம் கட்டப்போறோம்னு கிளப் சொல்லுது. ரசிகர் கூட்டத்துல பாதிப்பேர் வேணும்ங்குறாங்க, பாதிப்பேர் இருக்கறதையே சரி பண்ணுங்கன்னு சண்டை போடுறாங்க. நிஜமாவே தேவைதானா? எங்க சீட்டு என்ன ஆகும்? நான் எந்தப் பக்கம் கை தூக்குறது?"

என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன். கட்டிடத்தை மட்டும் பாத்தா யுனைடெட்டுக்குப் புதுசு தேவைதான், ஆனா காசு யார் தலையில விழும்னு எழுத்துல வர்ற வரைக்கும் நீங்க கை தூக்காதீங்க. நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங் பக்கத்துல இருந்து வந்தவன், அதனால கட்டிடத்துல ஆரம்பிச்சு அப்புறம் பணத்துக்கு வர்றேன்.

2024 மே மாசம் ஆர்சனல் மேட்ச் அன்னிக்கு மழை பிடிச்சு கூரையிலேருந்து தண்ணி கொட்டுன வீடியோவை எல்லாரும் பாத்திருப்பீங்க, அதுக்கப்புறம்தான் "ஸ்டேடியம் முடிஞ்சு போச்சு"ன்னு பேச்சே கிளம்புச்சு. கூரை ஒழுகுறதுக்காக யாரும் ஸ்டேடியத்தை இடிக்க வேண்டியதில்ல. ஷீட்டை மாத்தலாம், வாட்டர் லைனை மாத்தலாம், பெயிண்ட் அடிக்கலாம், இதெல்லாம் மெயின்டனன்ஸ், வருஷா வருஷம் பண்ணியிருக்க வேண்டிய வேலை. 2006ல மூலைகளைக் கட்டி சீட்டு எண்ணிக்கையை 76,000 பக்கம் கொண்டு போனதுக்கப்புறம் அங்க பெருசா எந்த வேலையும் நடக்கல. கிளேசர் குடும்பம் 2005ல கடன் வாங்கி கிளப்பை வாங்குச்சு, அந்தக் கடனோட பெரும்பகுதி கிளப் கணக்குலயே ஏறுச்சு, அதுக்கு வட்டி கட்டியே பல வருஷம் போச்சு. ஒழுகல் அந்தக் கதையோட விளைவுதான். புதுசு கட்டுனாலும் மெயின்டனன்ஸ் பண்ணலைன்னா 20 வருஷத்துல அதுவும் ஒழுகும்.

சரி, அப்ப ஏன் தேவைன்னு சொல்றேன்? ரெண்டு காரணம், ரெண்டுமே நீங்க உக்கார்ற இடத்துலயே கண்ணுக்குத் தெரியும்.

அடுத்த மேட்சுக்குப் போறப்ப உங்க முட்டிக்கும் முன் சீட்டு முதுகுக்கும் நடுவுல எவ்ளோ இடம் இருக்குன்னு பாருங்க. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் உள்ள ஆழம் குறைஞ்சது 70 செமீ, புதுசா கட்டுனா 80 செமீ வைங்கன்னுதான் பிரிட்டன்ல எல்லாரும் பின்பத்துற ஸ்டேடியம் பாதுகாப்பு வழிகாட்டி சொல்லுது. 10 செமீதானேன்னு தோணும், ஆனா கணக்கு போட்டுப் பாருங்க: 70 செமீ ஆழத்துல 40 வரிசை இருக்கற ஸ்டாண்டை 80 ஆக்குனா அதே இடத்துல 35 வரிசைதான் வரும், எட்டுல ஒரு பங்கு சீட்டு காலி. இதோட பார்வைக் கோடுன்னு ஒண்ணு இருக்கு, அதாவது முன்னாடி இருக்கறவர் தலைக்கு மேல உங்க பார்வை எவ்ளோ உயரத்துல தாண்டிப் போகுதுங்கற அளவு, சி-வேல்யூன்னு சொல்வோம், புதுசுல 9 செமீ கிடைச்சா நல்லது, அதுக்கு ஸ்டாண்டு செங்குத்தாகணும், செங்குத்தானா பின்வரிசை இன்னும் மேல போகணும், கூரையும் மேல போகணும். வீல்சேர்ல வர்றவங்களுக்கு நல்ல இடம், லிஃப்ட், அகலமான வழி, போதுமான டாய்லெட்டு எல்லாத்தையும் சேத்தீங்கன்னா பழைய ஸ்டாண்டுக்குள்ள சீட்டு குறைஞ்சுக்கிட்டே வரும். ஆக "சரி பண்ணுங்க"ன்னு சொல்றவங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும், ஒழுங்கா சரி பண்ணா இருக்கற சீட்டுலயே பல ஆயிரம் போயிரும், அதை ஈடு கட்ட வேற பக்கம் வளரணும்.

அந்த வேற பக்கம்தான் ரெண்டாவது காரணம். ஓல்ட் டிராஃபோர்டுல வளராம நிக்கிறது ஒரே பக்கம்தான், உங்க பக்கம். மத்த மூணு பக்கமும் ஒவ்வொண்ணா ஏறிருச்சு. ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்துல கூட்ட நெரிசல்ல ரசிகர்கள் செத்துப்போன 1989 கொடுமைக்கப்புறம் நின்னு பாக்குற இடமெல்லாம் சீட்டா மாறி மொத்தமே 44,000 பக்கம் சுருங்குன மைதானம் அது, 1996ல வடக்கு ஸ்டாண்டு மூணு அடுக்காச்சு, 2000 வாக்குல கிழக்கும் மேற்கும் உசந்துச்சு, 2006ல மூலைகள் வந்துச்சு. பாபி சார்ல்டன் ஸ்டாண்டு மட்டும் ஒரே அடுக்கு. ஏன்னா அதுக்கு முதுகுலயே ரயில்வே லைன் ஓடுது, மேட்ச் நாள்ல ட்ரெயின் நிக்கிற குட்டி பிளாட்ஃபாரம்கூட ஒட்டியே இருந்துச்சு. லைனுக்கு அந்தப் பக்கம் வீடுகள். ஓடுற ரயிலுக்கு மேல பல ஆயிரம் டன் இரும்பைத் தூக்கி வைக்கிறது செய்யவே முடியாத வேலைன்னு இல்ல, ஆனா ரயில்வே ராத்திரியில குடுக்குற கொஞ்ச நேரத்துலதான் கிரேன் ஓட்ட முடியும், அப்படி ஒவ்வொரு ராத்திரியா வேலை பாத்தா செலவும் காலமும் எங்கயோ போயிரும். பழைய வீட்டுக்கு மாடி எடுக்கறவங்களுக்குத் தெரியும், அஸ்திவாரத்தைத் தோண்டிப் பாக்குற வரைக்கும் எந்த மேஸ்திரியும் நிச்சயமா ஒரு தொகை சொல்ல மாட்டார், இதுவும் அப்படித்தான்.

அதோட வேலை நடக்கும்போது எங்க ஆடுறது? பார்சிலோனா 2023ல வேலைக்காகத் தன்னோட ஸ்டேடியம் கேம்ப் நூவை விட்டு மோன்ஜுயிக் மலைக்குப் போச்சு, 2024 கடைசியில வந்துருவோம்னாங்க, வந்தது 2025 நவம்பர்ல. டாட்டன்ஹாம் ரெண்டு சீசன் பக்கம் வெம்பிளியில ஆடுச்சு. ஓல்ட் டிராஃபோர்டுல இப்ப இருக்கற 74,000 பேரைத் தாங்குற வேற மைதானம் மான்செஸ்டர்ல கிடையாது. புது பிளான்ல ஸ்டேடியம் பக்கத்து நிலத்துலயே வருது, அது எழும்புற வரைக்கும் பழசுலயே ஆடலாம். என்னைக் கேட்டா இந்த பிளான்லயே ரொம்ப உருப்படியான விஷயம் இதுதான்.

இதை எல்லா கிளப்புக்கும் பொருத்திராதீங்க. லிவர்பூல் ஸ்டான்லி பார்க்குல புதுசு கட்டணும்னு பல வருஷம் பேசிட்டு, கடைசியில தங்களோட பழைய ஸ்டேடியம் ஆன்ஃபீல்டையே 2016ல ஒரு பக்கம், 2023-24ல இன்னொரு பக்கம்னு உசத்தி 61,000க்கு கொண்டு வந்துட்டாங்க, அவங்களுக்கு ரயில் குறுக்க இல்ல, தெருதான் இருந்துச்சு. (அந்தத் தெருவுல வீடுகளை வாங்கிப் பூட்டிப் போட்டு அக்கம்பக்கம் வருஷக்கணக்கா பாழடைஞ்சு கெடந்ததையும் சொல்லணும், அங்க குடியிருந்தவங்க பட்ட கஷ்டம் ஸ்டேடியம் பட்ஜெட்டுல வரவே இல்ல.) எவர்ட்டனுக்கு நேர் எதிர், 1892ல தொறந்த குடிசன் பார்க்குல மரத் தரை, பார்வையை மறைக்கிற தூண், மூலையில சர்ச்சு, சுத்தி வீடு, அங்க வளர இடமே கிடையாது, அவங்க 2025ல துறைமுகத்துப் பக்கம் போனது சரியான முடிவு. யுவென்டஸ் இன்னும் வித்தியாசம், ஓட்டப்பந்தய டிராக் சுத்துன 69,000 சீட்டு டெல்லே ஆல்ப்பியை இடிச்சிட்டு 2011ல அதே இடத்துல 41,000 சீட்டுல சின்னதா கட்டுனாங்க, நிரம்புச்சு. பெருசா இருந்தாத்தான் நல்லதுன்னு ஒரு விதியும் இல்ல.

இப்ப பணம். இங்கதான் உங்க கவனம் முழுசா இருக்கணும்.

74,000லேருந்து 1 லட்சம்னா கூடுதல் சீட்டு 26,000. ஒரு சீட்டுக்கு சராசரி 50 பவுண்டு, வருஷத்துக்கு ஹோம் மேட்ச் 25னு வச்சுக்கோங்க, எல்லாம் வித்துத் தீந்தாலும் வர்றது 3.25 கோடி பவுண்டு. 200 கோடி பவுண்டு கடனுக்கு 6 சதவீதம் வட்டின்னு போட்டா வட்டி மட்டும் வருஷத்துக்கு 12 கோடி. அசல் தனி. யுனைடெட்டோட மொத்த மேட்ச்டே வருமானமே, அதாவது மேட்ச் நாள்ல டிக்கெட், சாப்பாடுன்னு வர்ற காசே, 2024-25 கணக்குப்படி 16 கோடி பவுண்டுதான், அதுவே அவங்க ரெக்கார்டு. நான் போட்ட 50ம் 6ம் உதாரணத்துக்குத்தான், நீங்க மாத்திப் போட்டுப் பாருங்க, ஆனா எப்படிப் போட்டாலும் சாதாரண சீட்டு இந்தக் கடனைக் கட்டாது.

அப்ப யார் கட்டுறது? ஹாஸ்பிட்டாலிட்டி சீட்டு, பாக்ஸ், சாப்பாட்டோட சேத்து விக்கிற டிக்கெட்டு, கான்சர்ட்டு, ஸ்டேடியத்துக்குப் பேர் வைக்கிற உரிமை. டாட்டன்ஹாம் இதைத்தான் பண்ணுச்சு. 36,000 சீட்டு ஒயிட் ஹார்ட் லேனை விட்டுட்டு 2019ல 62,850 சீட்டுக்குப் போனாங்க, புல்தரையை நகத்தி உள்ள தள்ளிட்டு அடியில அமெரிக்கன் ஃபுட்பாலுக்குத் தனித் தரை வச்சாங்க, பியான்சே மாதிரி ஆளுங்க நாள்கணக்கா பாடுறாங்க, மேட்ச்டே வருமானம் 10 கோடி பவுண்டைத் தாண்டிருச்சு. ஆனா ரெண்டு விஷயத்தை மறந்துராதீங்க. ஒண்ணு, அவங்க ஸ்டேடியம் கடனை நீண்டகாலக் கடனா மாத்திக்கிட்ட 2019ல பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி 0.75 சதவீதம், யுனைடெட் அறிவிப்பு குடுத்த 2025 மார்ச்ல அது 4.5. அந்த மலிவுக் காலம் போயிருச்சு. ரெண்டு, ஸ்டேடியம் வந்தா டீம் ஜெயிக்கும்ங்கறது தானா நடக்காது. 2024-25ல டாட்டன்ஹாம் லீக்ல முடிச்சது 17வது இடத்துல, அதே சீசன்ல யூரோப்பா லீக் ஃபைனல்ல நம்மள அடிச்சு கப்பு வாங்குனாங்கங்கறது வேற வலி. ஆர்சனலும் 2006ல எமிரேட்ஸ்ங்கற புது ஸ்டேடியத்துக்குப் போன பிறகு 2014 வரைக்கும் ஒரு கப்புகூட தொடல, கடன் அடைக்கிற காலத்துல நல்ல நல்ல பிளேயரை விக்க வேண்டி வந்துச்சு.

அறிவிச்ச தொகை அப்படியே நிக்கும்னும் நம்பாதீங்க. எவர்ட்டனுக்கு 50 கோடி பவுண்டு பக்கம்னு ஆரம்பிச்சது 75 கோடியைத் தாண்டிப் போச்சு. யுனைடெட் டிசைன்ல 200 மீட்டர் உயரத்துக்கு மூணு தூணு நட்டு ஸ்டேடியத்துக்கும் வெளி முற்றத்துக்கும் சேத்து ஒரு பெரிய குடை போட்டிருக்காங்க, ஃபாஸ்டர்ங்கற ஆர்க்கிடெக்ட் கம்பெனி டிசைன், படத்துல பாக்க அழகா இருக்கு, ஆனா ஆட்டம் பாக்க வர்றவனுக்கு அந்தக் குடை தேவையில்ல, பட்ஜெட் இறுகுனா முதல்ல வெட்ட வேண்டியது அதைத்தான், சீட்டு வரிசையையோ டாய்லெட்டையோ இல்ல. பாகங்களை வேற இடத்துல தயார் பண்ணி கப்பல் வர்ற ஷிப் கனால் கால்வாய் வழியா கொண்டாந்து 5 வருஷத்துல முடிச்சிரலாம்னு சொன்னாங்க, முறை நல்ல முறைதான், ஆனா நிலம் கையில வந்தாத்தான் கடிகாரமே ஓட ஆரம்பிக்கும். ஸ்டேடியத்துக்கு மேற்குல இருக்கற சரக்கு ரயில் டெர்மினல் காலி பண்ணி நகரணும், அதுக்கு விலை பேசி முடிக்கணும். அரசாங்கம் ஆதரிக்கறேன்னு சொன்னது சுத்துவட்டார வளர்ச்சிக்கு, அதாவது ரோடு, ரயில், வீடு. ஸ்டேடியம் கட்டுற காசு கிளப்போட பொறுப்பு, பொதுமக்கள் காசு அதுல போகக்கூடாதுன்னுதான் நானும் நினைக்கிறேன். லண்டன் ஒலிம்பிக் ஸ்டேடியத்தை வெஸ்ட் ஹாம் கிளப்புக்குக் குறைஞ்ச வாடகைக்கு விட்டு அந்த நஷ்டத்தைப் பொதுக் காசுல சுமக்குறதைப் பாத்துட்டோம்.

அதனால கூட்டத்துல வேணுமா வேணாமான்னு கேக்குறதுக்குப் பதிலா இதைக் கேளுங்க. கடன் கிளப் பேர்லயா, ஸ்டேடியத்துக்குன்னு தனி கம்பெனி பேர்லயா, முதலாளிங்க தங்களோட சொந்தக் காசு எவ்ளோ போடுறாங்க? இருக்கற சீசன் டிக்கெட்காரங்களுக்கு எத்தனை சீட்டு, எந்த இடத்துல, எத்தனை வருஷத்துக்கு விலை உறுதி? பையன்களுக்கும் வயசானவங்களுக்கும் சலுகை விலை எத்தனை சதவீத சீட்டுல? சரக்கு டெர்மினல் நிலம் கிடைக்கலைன்னா மாத்து பிளான் என்ன? கடைசியா, 1 லட்சம்ங்கற எண்ணு எந்தக் கணக்குலேருந்து வந்துச்சு, 85,000 சீட்டு, குறைஞ்ச கடன்னு யாராவது போட்டுப் பாத்தாங்களா?

மூணாவது கேள்வியை நான் வேணும்னேதான் அழுத்திச் சொல்றேன். 2024-25 சீசன் நடுவுல, மீதி இருந்த மெம்பர் டிக்கெட்டையெல்லாம் 66 பவுண்டுன்னு ஒரே விலையாக்கி சின்னப் பசங்க சலுகையையும் சீனியர் சலுகையையும் தூக்குனாங்க. புது ஸ்டேடியம் கடனே இல்லாத காலத்துல நடந்தது இது. கடன் வந்த பிறகு எழுத்துல உறுதி இல்லாம எதையும் எதிர்பாக்க முடியாது. இதுக்கெல்லாம் தெளிவா பதில் வந்தா தைரியமா புதுசுக்குக் கை தூக்குங்க, நானும் அங்க இருந்தா தூக்குவேன். வரலைன்னா "கட்டிடத்துக்கு ஆதரவு, இந்தப் பணத் திட்டத்துக்கு இல்ல"ன்னு அப்படியே பதிவு பண்ணச் சொல்லுங்க, வேணும்-வேணாம் ரெண்டுல ஒண்ணுன்னு கட்டாயப்படுத்துனாலும் ஒத்துக்காதீங்க.

உங்க சீட்டு விஷயம்: பழசுல நீங்க உக்காந்த இடம் அப்படியே புதுசுக்கு வராது, வடிவமே வேற. பொதுவா மாறும்போது கிளப்புங்க எத்தனை வருஷமா டிக்கெட் வச்சிருக்கீங்கங்கறதை வச்சு வரிசைப்படுத்தி, தேர்ந்தெடுக்க நேரம் குடுப்பாங்க. அதனால பையன் டிக்கெட்டை ஒரு சீசன்கூட நடுவுல விட்டுராதீங்க, ரெண்டு பேர் அக்கவுண்ட்டும் ஒரே குரூப்ல லிங்க் ஆகியிருக்கான்னு டிக்கெட் ஆபீஸ்ல இப்பவே கேட்டு வச்சுக்கோங்க, பழைய ரெனியூவல் மெயிலெல்லாம் அழிக்காம ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க.