அக்காவின் சீட்டும் தம்பியின் கொள்கையும்

கேள்வி: ரீச்சர், எனக்கு 26 வயது. நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து எட்டுப் பாட்டுகள் கொண்ட ஓர் அல்பம் செய்து முடித்திருக்கிறோம். ஸ்பொட்டிஃபை, அப்பிள் மியூசிக், யூரியூப் எதிலும் இதைப் போடுவதில்லை என்பது என் முடிவு. ஒரு தடவை கேட்டால் 0.003 டொலர் தருகிறார்கள். கலைஞனுக்கு இதைவிட அவமானம் வேண்டாம். டெய்லர் ஸ்விஃப்ட், அடேல் எல்லாரும் புதுப் பாட்டைக் கொடுக்காமல் வைத்திருந்து வென்றவர்கள்தானே. நல்லூர்த் திருவிழா நேரம் மண்டபம் எடுத்து வெளியிட்டு, சீடியும் பென் டிரைவுமாக மட்டும் விற்க நினைக்கிறேன். யூரியூப்பில் போடாவிட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று நண்பர்கள் சண்டை பிடிக்கிறார்கள். அப்பா, இது வேலையில்லாதவன் வேலை என்கிறார். ஸ்ரூடியோச் செலவு அக்கா சீட்டெடுத்துத் தந்த காசில் முடிந்துவிட்டது, கடன் என்று வெளியில் எதுவும் இல்லை. நான் கொள்கையில் உறுதியாக நிற்பதா, நண்பர்களுக்காக விட்டுக்கொடுப்பதா?
– பெயர் வேண்டாம், இணுவில், யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, "கடன் என்று வெளியில் எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர். நான் அந்த வரியைத் தாண்டிப் போகவில்லை. ஸ்பொட்டிஃபை கொஞ்சம் பொறுக்கட்டும்.

சீட்டு எப்படி நடக்கும் என்று இணுவிலில் பிறந்த உமக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் சொல்கிறேன். இருபது பேர், மாதம் பத்தாயிரம் என்று ஒரு சீட்டு என்று வைத்துக்கொள்வோம். அவசரத் தேவை உள்ளவர் முந்திக் கழித்து எடுப்பார். இரண்டு லட்சம் முழுதாகக் கைக்கு வராது, முந்தி எடுப்பதற்காக விட்டுக்கொடுக்கிற கழிவு போக மிச்சம்தான் வரும். காசை வாங்கினவர் அதோடு எழும்பிப் போக முடியுமா? கடைசி மாதம் வரை பத்தாயிரம் பத்தாயிரமாகக் கட்டவேண்டும். ஒரு மாதம் பிந்தினால் சீட்டுப் பிடிக்கிற மனுசி படலையடியில் வந்து நிற்பார், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரித்தான் பேசுவார். ஆக, உம்முடைய ஸ்ரூடியோச் செலவு முடிந்துபோகவில்லை. மாதா மாதம் நடந்துகொண்டிருக்கிறது. கட்டுகிற ஆள் நீர் இல்லாதபடியால் உமக்கு அது முடிந்த மாதிரித் தெரிகிறது.

ஸ்பொட்டிஃபை என்ன தருகிறது என்று மூன்று தசமதானம் வரை தெரிந்து வைத்திருக்கிறீர். அக்காவுக்கு இன்னும் எத்தனை மாதம் கிடக்கிறது? கழிவு எவ்வளவு போனது? அந்தச் சீட்டை அவர் முதலில் எதற்கென்று போட்டார்? கடிதத்தில் ஒன்றும் இல்லை. இந்த ஊரில் எந்தப் பெண்பிள்ளையும் சும்மா சீட்டுக் கட்டுவதில்லை. ஒரு சோடி காப்பு, ஒரு தையல் மெசின், வீட்டுக்கு ஓடு மாற்றுவது, ஏதோ ஒன்று மனதில் இருந்திருக்கும். அதை எடுத்து உம்முடைய கையில் தந்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கிறார். நீரோ அவருக்கு அரை வரி ஒதுக்கியிருக்கிறீர்.

இப்படிப்பட்ட கடிதம் எனக்குப் புதிது இல்லை. கடை போட, கமெரா வாங்க, வெளிநாடு போக ஏஜென்சிக்குக் கட்ட என்று காரணம் மாறும். எல்லாக் கடிதத்திலும் ஒரு மூலையில் ஓர் அக்காவோ அம்மாவோ அரை வரியில் வந்து போவார். "வீட்டுக்குள்ளதானே" என்பார்கள். வீட்டுக்காசு கடன் இல்லை என்கிறவர்களோடு எனக்கு ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. வங்கிக் கடனைக் கேட்க வங்கி இருக்கிறது. அக்காவின் கடனைக் கேட்க அக்காவே வரமாட்டார். அதனால்தான் அதை முதலில் தீர்க்கவேண்டும் என்கிறேன். "அவர் விருப்பத்தோடுதான் தந்தவர்" என்று மறுமொழி எழுதப்போகிறீர் என்பதும் தெரியும். விருப்பமில்லாமல் எந்த அக்கா தந்திருக்கிறார்? அது அவருடைய குணம். உம்முடைய கணக்கில் அதை வரவு வைக்காதீர்.

சரி, உதாரணம் காட்டினவர்களிடம் வருவோம். டெய்லர் ஸ்விஃப்ட் 2014 நவம்பரில் தன் பாட்டுகள் அனைத்தையும் ஸ்பொட்டிஃபையிலிருந்து எடுத்தார், உண்மை. அப்போது வந்த அல்பம் அமெரிக்காவில் மட்டும் முதல் வாரத்தில் 12 லட்சத்துக்கு மேல் விற்றது. அடேலின் அல்பம் 2015 நவம்பரில் வந்தது. ஸ்ட்ரீமிங்கில், அதாவது ஸ்பொட்டிஃபை மாதிரி இணையத்தில் கேட்கிற இடங்களில், கொடுக்காமலே அமெரிக்காவில் முதல் வாரம் 33 லட்சத்துக்கு மேல் போனது. நீர் எழுதாத மிச்சத்தை நான் எழுதுகிறேன். ஏழு மாதம் கழித்து, 2016 ஜூனில், அடேல் அதே அல்பத்தை ஸ்ட்ரீமிங்கில் விட்டார். ஸ்விஃப்ட் 2017 ஜூனில் ஸ்பொட்டிஃபைக்குத் திரும்பினார். பியோன்சே 2016இல் வந்த தன் அல்பத்தை மூன்று வருடம் டைடல் தவிர வேறு ஸ்ட்ரீமிங் எதிலும் விடவில்லை. டைடல் அவருடைய புருசன் ஜே-சீ 2015இல் வாங்கிய கொம்பனி. புருசன் கடையில் சாமானை வைத்து விற்றதைக் கொள்கை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நல்ல குடும்பக் கணக்கு, எனக்குப் பிடித்திருக்கிறது.

ஸ்விஃப்ட் செய்த இன்னொரு காரியம் உமக்குத்தான் அதிகம் தேவை. 2015இல் அப்பிள் மியூசிக் தொடங்கும்போது, முதல் மூன்று மாதம் சந்தாக்காரருக்கு இலவசம், அந்த மூன்று மாதமும் பாட்டுக்காரருக்கும் காசு இல்லை என்றார்கள். ஐபோனை நாங்கள் உங்களிடம் இலவசமாகக் கேட்பதில்லையே என்று அவர் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். ஒரு நாளுக்குள் அப்பிள் இறங்கி வந்தது. அப்பிள் கேட்டது மூன்று மாதம். அக்காவிடம் நீர் எத்தனை மாதம் எடுத்திருக்கிறீர்?

இன்னும் கேளும். ஸ்விஃப்ட் தொடக்கத்தில் செய்த ஆறு அல்பங்களின் மூலப்பதிவும் அவருக்குச் சொந்தமாக இருக்கவில்லை, கொம்பனியின் கையில் இருந்தது. 2019இல் கொம்பனி கைமாறியபோது அவையும் சேர்ந்து கைமாறின. 2021 தொடக்கம் பழைய பாட்டுகளைத் திரும்பப் பாடிப் பதிவு செய்து வெளியிட்டார். 2025இல்தான் மூலப்பதிவுகளை விலை கொடுத்து வாங்கினார். அந்தத் தொழிலில் வழமை அதுதான்: பதிவுக்குக் காசு போட்டவர் கையில் பதிவு. அந்தக் கணக்கில் பார்த்தால், தம்பி, இந்த எட்டுப் பாட்டும் உம்முடைய அக்காவினுடையவை. ஸ்ட்ரீமிங்கில் போடுவதா விடுவதா என்று என்னைக் கேட்கிறீர், நண்பர்களோடு சண்டை பிடிக்கிறீர். காசு போட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டீரா? நண்பர்கள் இருவரும் எவ்வளவு போட்டார்கள் என்பதும் கடிதத்தில் இல்லை. ஒன்றும் போடவில்லை என்றால், அவர்களுடைய சத்தத்தையும் கொஞ்சம் குறைக்கச் சொல்லும்.

அடேலின் சீடியை வாங்க ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள். இணுவிலில் சீடி போடுகிற பெட்டி எத்தனை வீட்டில் வேலை செய்கிறது? இப்போது வருகிற லப்டொப்பில் சீடி போட இடமே இல்லை. பென் டிரைவ் என்கிறீர். காங்கேசன்துறை வீதி மினிபஸ் சாரதியிடம் ஒன்று போகட்டும். பின்னேரத்துக்குள் நடத்துநரின் போனில் இருக்கும், இரவுக்குள் வட்ஸ்அப்பில் ஊர் சுற்றும். இது இன்று வந்த பழக்கமும் இல்லை. தொண்ணூறுகளில் யுத்தத்தால் இங்கே மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற் கேட்டார்கள். ஒருவர் சுற்றவேண்டும், மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்பார்கள். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டு இழுபடும், உடனே இன்னொருவர் வந்து பெடலைப் பிடிப்பார். அப்படிக் கேட்ட சனம் நல்ல பாட்டு ஒன்று கிடைத்தால் பிரதி எடுக்காமல் விடுமா?

உமக்கு வந்த கோபம் பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 0.003 என்பது கடை விலைப்பட்டியல் மாதிரி எழுதி வைத்த விலை அல்ல. சந்தாவிலும் விளம்பரத்திலும் வரும் காசில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உரிமைக்காரருக்கு ஒதுக்கி, அந்த மாதம் கேட்கப்பட்ட மொத்தத்தில் உம்முடைய பாட்டு எவ்வளவோ அந்த அளவுக்குப் பிரிப்பார்கள். அதனால் ரொறொன்ரோவில் சந்தா கட்டிக் கேட்கிற ஒருவரால் வருவது கூட, கோண்டாவிலில் விளம்பரத்தோடு கேட்கிறவரால் வருவது குறைவு. 2024 தொடக்கம் ஸ்பொட்டிஃபையில் இன்னொன்றும் உண்டு: 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு சதமும் இல்லை. தெரியாத பாட்டை யார் ஆயிரம் தடவை கேட்பார்கள்? முதலில் ஆட்களுக்குத் தெரியவேண்டும்.

ஆகவே என் அபிப்பிராயம், அக்கா சம்மதித்தால் மட்டும்: கொஞ்சக் காலம் கையில் வைத்து விற்பது நல்ல வியாபாரம்தான், செய்யும். ஒரேயடியாகப் பூட்டி வைப்பது வெறும் வீம்பு. எட்டில் இரண்டை இப்போதே யூரியூப்பில் விடும். நல்லூர் இருபத்தைந்து நாளும் வெளிநாட்டில் இருந்து வந்த சனம் நிறைந்திருக்கும். அவர்கள் கையில் காசும் இருக்கும், ஊர்ப் பிள்ளை செய்தது என்றால் வாங்கவும் செய்வார்கள். மிச்ச ஆறையும் அவர்களுக்கு விற்கப்பாரும். தைப்பொங்கல் வந்ததும் எட்டையும் எல்லா இடத்திலும் ஏற்றிவிடும். அதற்குமேல் பிடித்து வைப்பதில் அக்காவுக்கு ஒரு ரூபாய் லாபமும் இல்லை.

மண்டபம் வேண்டாம். மண்டபத்துக்குக் காசு எங்கிருந்து வரும், இன்னொரு சீட்டா? ஊர்ச் சனசமூக நிலையத்து முற்றத்தில் பாய் விரித்து வையும். அண்டை அயல் வந்து இருந்து கேட்கட்டும்.

ஒரு கொப்பி வாங்கும். முதல் பக்கத்தில் அக்கா இனிக் கட்டவேண்டிய மாதங்களை எழுதும். அவர் கையில் வாங்கின காசை எழுதினால் போதாது, கழிவும் சேர்த்து அவர் கட்டிமுடிக்கிற முழுத்தொகையும் வரவேண்டும். பாட்டில் வருகிற முதல் காசு அந்தப் பக்கத்துக்குப் போகட்டும். நண்பர்களின் பங்கு, அடுத்த அல்பம், புதுக் கிற்றார் எல்லாம் அந்தப் பக்கம் நிறைந்த பிறகு. பாட்டில் காசு வராத மாதமும் சீட்டு நாள் வரும். அன்றைக்கு அந்தக் காசு உம்முடைய கையில் இருக்கவேண்டும். ரியூசன் கொடுத்தோ, கலியாண வீட்டில் கீபோட் வாசித்தோ, எப்படியோ தேடும். அப்பா சொன்னதற்கும் அதைவிட நல்ல மறுமொழி என்னிடம் இல்லை.

அட்டையில் தயாரிப்பு என்ற இடத்தில் அக்காவின் பெயர் வரவேண்டும். அதையும் கேட்டுவிட்டே போடும். பெயர் வெளியில் வருவது சில பேருக்கு விருப்பமில்லை. வேண்டாம் என்றால் அட்டையில் போடாமல் விடும், கொப்பியில் எழுதாமல் விடாதீர்.

அல்பம் வந்ததும் எனக்கு இலவசப் பிரதி அனுப்பிவைக்காதீர். விலையை எழுதும், காசு அனுப்புகிறேன்.