நீரில் நிமிர்ந்து நில்லாத மரமீன்

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க ஏரிகளில் வாழும் பாஸ் மீனைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை தூண்டில் கருவிகளையும், இரையைப் போல் ஆடி மீனை ஏமாற்றும் செயற்கை இரையான லூரை வீட்டிலேயே செய்து கொள்வதையும் பற்றியவை. ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாக்கி விடை தந்திருக்கிறேன்.

கேள்வி (டாலஸ், டெக்சாஸ்): ஊரில் மூங்கில் கழியும் தங்கூஸ் நரம்பும் மண்புழுவுமாக மீன் பிடித்துப் பழகியவன் நான். இங்கே கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுவதும் லூர்கள் தொங்குகின்றன. பாஸ் மீனுக்கென்று முதலில் எவற்றை வாங்க வேண்டும்?

பதில்: அந்தச் சுவரைக் கடந்து, முதலில் ராட் எனும் தூண்டில் கழிகளும் நரம்பு சுற்றும் ரீல்களும் இருக்கும் பக்கம் செல்லுங்கள். ஆறரை முதல் ஏழு அடி நீளமுள்ள, நடுத்தர வலுவுடைய ஸ்பின்னிங் ராட் ஒன்றும் அதற்கேற்ற ரீலும் தொடக்கத்திற்குப் போதும். பாஸ் பிடிப்பதில் தேர்ந்தவர்கள் கையில் பெரும்பாலும், உருளையே சுழன்று நரம்பை விடும் பெய்ட்காஸ்டிங் ரீலைத்தான் காண்பீர்கள். ஆனால் அதில் லூர் பறக்கும் வேகத்தை விட உருளை சுழலும் வேகம் மிகுந்துவிட்டால் நரம்பு சிக்குப் பிடித்த சடையாகிவிடும் என்பதால், உருளையைப் பெருவிரலால் அடக்கும் பழக்கம் கைவரும் வரை அது காலத்தைத் தின்னும். நரம்பைப் பொறுத்தவரை நைலான் இழுத்தால் நீளும், ஃப்ளூரோகார்பன் அதைவிட அடர்த்தியானதாகையால் நன்கு மூழ்கும், பின்னல் நரம்பு ஏறத்தாழ நீளவே நீளாது. பத்து பவுண்டு இழுவை தாங்கும் நைலானில் தொடங்குவதில் தவறில்லை.

லூர்களில் மூன்று வகை வாங்கினால் ஒரு பருவம் ஓடும். மென்பிளாஸ்டிக் புழு முதலாவது: அதன் முன்னே துப்பாக்கிக் குண்டு வடிவ எடையைக் கோத்து, முள்ளின் நுனியை மறுபடியும் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்துவிட்டால் அது பாசியிலும் மரக்கிளையிலும் சிக்காமல் நழுவி வரும். இந்தக் கட்டு உங்கள் மாநிலத்தின் பெயராலேயே டெக்சாஸ் ரிக் எனப்படுகிறது. ஆழம் குறைந்த கரையோரத்தில் இழுக்கச் மூக்கின் கீழ் லிப் எனும் சதுரத் தகடு வைத்த, இழுத்தால் நீருக்குள் மூழ்கி ஆடும் கிராங்க்பெய்ட் ஒன்றும், விடியலிலும் அந்தியிலும் நீர்ப்பரப்பில் துள்ளவிட மிதக்கும் லூர் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீன்பிடி உரிமம் வாங்க மறவாதீர்கள். டெக்சாஸில் 17 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அது தேவையில்லை.

கேள்வி (ராலே, வட கரோலினா): இரண்டரை அங்குல நீளத்தில் பாஸ்வுட் மரத்தில் ஒரு கிராங்க்பெய்ட் செதுக்கினேன். புளூகில் மீனின் வரிகளையெல்லாம் ஒரு வாரம் உட்கார்ந்து தீட்டினேன். தண்ணீரில் விட்டால் அது செத்த மீனைப் போல் பக்கவாட்டில் படுத்துக்கொள்கிறது. வேகமாக இழுத்தால் பம்பரமாய்ச் சுழல்கிறது. எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் வண்ணத்தில் தவறவில்லை, எடை தங்க வேண்டிய இடத்தில் தவறியிருக்கிறீர்கள். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் எழுந்து நிற்பதற்கு அதன் அடியில் சேர்ந்திருக்கும் கனமே காரணம். லூரும் அதே கணக்குக்குக் கட்டுப்பட்டது: எடையின் மையம் வயிற்றுப் பக்கத்திலும், மிதப்பின் மையம் அதற்கு மேலே முதுகுப் பக்கத்திலும் அமைந்தால்தான் சாய்ந்த உடல் தானாக நிமிரும். பாஸ்வுட் ஓரளவு கனமான மரம் என்பதால், வேறு எடையே வேண்டாம் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் மரத்தின் கனம் முதுகிலும் வயிற்றிலும் ஒரேயளவாகப் பரவியிருப்பதால் நிமிர்த்தும் வேலைக்கு அது உதவாது. (பெயரில் பாஸ் இருந்தாலும் மீனுக்கும் அந்த மரத்துக்கும் உறவில்லை. உள்பட்டையிலிருந்து உரிக்கும் நாரைக் குறித்த பழஞ்சொல்லே மரத்தின் பெயராயிற்று.)

அடுத்த முறை வண்ணம் தீட்டுவதற்கு முன்பே லிப்பைச் செருகி, மும்முனை முட்களையும் வளையங்களையும் மாட்டி, மரத்துக்கு ஒரு பூச்சு மட்டும் கொடுத்து, வாளித் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். மெல்லிய ஈயக் கம்பியைச் சிறிது சிறிதாக வயிற்றில் சுற்றி, முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். உடல் நிமிர்ந்து, முதுகு மட்டும் நீருக்கு மேலே தெரியும் நிலை வந்ததும் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கே துளையிட்டு அதே எடையை உள்ளே புதைத்து அடைத்துவிடலாம். பெரும்பாலும் அது முன்முள் தொங்கும் இடத்தை ஒட்டியே அமையும்.

வேகமாக இழுக்கையில் சுழல்வது சற்று வேறான நோய். கிராங்க்பெய்ட் ஆடுவதற்குக் காரணம், லிப்பில் மோதும் நீர் ஒருமுறை வலப்பக்கமும் மறுமுறை இடப்பக்கமுமாக மாறி மாறி நழுவி உடலை அசைப்பதுதான். லிப் ஒரு மயிரிழை கோணலாக இருந்தாலும், உடலின் ஒரு கன்னம் மற்றதைவிடப் பருத்திருந்தாலும் அந்த மாற்று முறை குலைந்துவிடும். உடலை உருட்டிச் செதுக்கிய பிறகு லிப்புக்கான பிளவை அறுப்பதே தொடக்கக்காரர் பலரும் செய்யும் பிழை. வளைந்த பரப்பில் ரம்பத்தை நேராக நிறுத்த எவராலும் முடிவதில்லை. மரம் இன்னும் செங்கல்லைப் போல நாற்சதுரமாக இருக்கும்போதே நடுக்கோட்டை வரைந்து, லிப்பின் பிளவையும் முட்களுக்கான துளைகளையும் முடித்துக்கொண்டு, அதன் பின்னரே உளியை எடுக்க வேண்டும். எனது முதல் ஐந்து லூர்களும் இந்த ஒரு வரிசைமுறை தெரியாததால் விறகாயின.

லிப்புக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தகடு பொருந்தும். அது செங்குத்தை நெருங்கி நின்றால் லூர் ஆழம் போகாமல் அகலமாக ஆடும். உடலின் நீளவாக்கில் படிந்து நீண்டிருந்தால் ஆழத்துக்குப் பாயும். எல்லாம் முடிந்த பிறகும் லூர் ஒரு பக்கமாக விலகி ஓடினால் கலங்க வேண்டாம்: நரம்பு கட்டும் வளையத்தைக் குறட்டால் பிடித்து, அது ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் மிகச் சிறிதளவு வளைத்தால் நேராகிவிடும்.

நெட்டியைப் போல் இலேசான பால்சா மரத்தில் துடிப்பு அதிகம் வரும். ஆனால் திருகு வளையங்கள் அதில் நிற்காமல் பிடுங்கிக்கொள்ளும் என்பதால், மூக்கிலிருந்து வால் வரை ஒரே எஃகுக் கம்பியை உடலுக்குள் ஓட்டுவதே பாதுகாப்பு. மேல்பூச்சுக்கு இரு கலவை எபாக்சியைத் தடவி, அது இறுகும் வரை மெதுவாகச் சுழலும் மோட்டாரில் மாட்டிவையுங்கள். தொங்கவிட்டால் பூச்சு வழிந்து வாலில் திரண்டு, நீங்கள் பாடுபட்டு அமைத்த சமநிலையைக் கெடுத்துவிடும்.

கேள்வி (டொரான்டோ): வண்ணம் அவ்வளவு முக்கியமா?

பதில்: மீனுக்கு ஓரளவு, வாங்குபவருக்கு மிகவும். பாஸின் கண்ணில் நிறமறியும் கூம்பணுக்கள் இரு வகையே உண்டு. சிவப்பையும் பச்சையையும் அது நன்றாகப் பிரித்தறியும், ஒளிர்மஞ்சளுக்கும் வெள்ளைக்கும், நீலத்துக்கும் கறுப்புக்கும் இடையே தடுமாறும். ஆகவே தெளிந்த நீரில் அங்குள்ள சிறுமீனை ஒத்த நிறமும், கலங்கலில் எடுப்பாகத் தெரியும் நிறமும் இருந்தால் போதும். கலங்கல் மிகுந்த நீரில் கண்ணைவிட, உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பினால் அறியும் அதிர்வே அதற்கு வழிகாட்டுகிறது. எடை சரியான இடத்தில் இருந்தால்தான் லூர் சரியாக ஆடி அந்த அதிர்வை எழுப்பும்; ராலே வாசகருக்கு எடையைப் பற்றி அவ்வளவு நீட்டி எழுதியதற்கும் இதுவே காரணம்.

கேள்வி (சிங்கப்பூர்): கடையில் விற்கும் லூர்களில் எதுவேனும் இப்படி வீட்டில் பிறந்ததுண்டா?

பதில்: புகழ்பெற்றவற்றுள் பல அப்படிப் பிறந்தவைதாம். மிச்சிகன் மாநிலத்தின் டவாஜாக் ஊரில் ஜேம்ஸ் ஹெடன் நண்பருக்காகக் காத்திருந்த வேளையில், கையிலிருந்த மரத்துண்டைச் சீவிக் குளத்தில் எறிய, பாஸ் ஒன்று அதைப் பாய்ந்து அடித்ததாம். அந்த வேடிக்கையிலிருந்தே அவரது மரத்தவளையும் பின்னர் ஒரு தொழிற்சாலையும் தோன்றின என்பது வழங்கிவரும் கதை. பின்லாந்தின் மீனவர் லவுரி ரபாலா 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய வெள்ளித் தாளை ஒட்டி, உருக்கிய புகைப்படச் சுருளை மேல்பூச்சாகப் பூசினார். கூட்டத்தில் காயம்பட்டுத் தள்ளாடும் மீனைத்தான் பெரிய மீன் தாக்குகிறது என்று படகிலிருந்து கண்டறிந்து, அந்தத் தள்ளாட்டத்தையே அவர் தக்கையில் கொண்டுவந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் டென்னசியின் ஃபிரெட் யங். அவர் பால்சாவில் கையால் செதுக்கிய கொழுத்த கிராங்க்பெய்ட்டுக்கு, பருத்த உடலினரான தம் சகோதரர் ஓடிஸை நினைந்து பிக் ஓ என்று பெயர். விலைக்கு வாங்கக் கிடைக்காமற் போனவர்கள் அதை நாள் வாடகைக்கு எடுத்துச் சென்ற காலம் உண்டு. 1973-இல் காட்டன் கார்டெல் நிறுவனம் அதைப் பிளாஸ்டிக்கில் வார்த்தபோதுதான் அது எல்லோர் பெட்டிக்கும் வந்தது.

கேள்வி (ஃபிரீமான்ட், கலிஃபோர்னியா): மென்பிளாஸ்டிக் புழுக்களைச் சமையலறை மைக்ரோவேவில் உருக்கி வார்க்கலாம் என்கிறார்கள். என் மனைவி அடியோடு மறுக்கிறார். தாங்கள்தான் நடுவர்.

பதில்: தீர்ப்பு உங்கள் மனைவியின் பக்கமே. அந்த நீர்மமான பிளாஸ்டிசால், நெகிழ்விப்பான் திரவத்தில் பி.வி.சி. துகள்கள் கலந்த கலவை. ஏறத்தாழ 175 பாகை செல்சியஸில் அது பால் நிறம் மாறித் தெளிந்து, ஊற்றும் பதம் அடையும். 200 பாகையைத் தாண்டினால் மஞ்சளித்துக் கருகி, ஹைட்ரஜன் குளோரைடு கலந்த புகையை விடும். இரண்டு நிலைகளுக்கும் இடையே இருப்பது 25 பாகைதான் என்பதால், வெப்பமானி இல்லாமல் கண்மதிப்பில் செய்கிற வேலையன்று இது. உணவு தொடாத தனி மைக்ரோவேவ் ஒன்றை வாங்கி, காற்றோட்டமான வெளியிடத்தில், ஆவி வடிகட்டும் முகமூடியும் தோல் கையுறையும் அணிந்து செய்வதானால் தடையில்லை.

அச்சுக்குப் பாரிஸ் சாந்து மலிவானது. கடையில் வாங்கிய புழுவையே அதில் பாதி பதித்து எடுக்கலாம். ஆனால் நன்கு உலர்ந்த பின், நீர் கலந்த வெள்ளைப் பசையை இரண்டு மூன்று முறை பூசி உலர்த்த வேண்டும். இல்லையேல் சாந்தில் தங்கிய ஈரம் ஆவியாகிப் புழுவெங்கும் குமிழ்களை உண்டாக்கும், சில சமயம் சூடான பிளாஸ்டிக்கை முகத்துக்கே தெறிக்கவிடும். நன்கு அரைத்த உப்பைக் கலந்தால் புழுவின் கனம் கூடி விரைந்து மூழ்கும்; மிகுதியானால் எளிதில் கிழிந்துவிடும்.

கேள்வி (பாஸ்டன் அருகிலிருந்து): ஈயம் உருக்கி, முள்ளின் தலையில் எடை சேர்ந்த ஜிக் வார்க்க அச்சு வாங்கியிருக்கிறேன். கவனிக்க வேண்டியவை என்ன?

பதில்: முதலில் சட்டம். மாசசூசெட்ஸின் உள்நாட்டு நீர்நிலைகளில் ஒரு அவுன்ஸுக்குக் குறைந்த ஈய எடைகளுக்கும் ஈய ஜிக்குகளுக்கும் 2012 முதல் தடை உண்டு. லூன் என்னும் நீர்ப்பறவை, இரைப்பையில் உணவை அரைக்கக் கூழாங்கற்களை விழுங்கும்போது இவற்றையும் விழுங்கி நஞ்சேறி மடிவதே காரணம். ஆகவே உங்கள் அச்சு இருக்கட்டும், உலோகத்தை மாற்றுங்கள். டங்ஸ்டனை வீட்டில் உருக்க முடியாது; அது உருகுவதற்கு 3,400 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த உலோகக் கலவைகள் 140 பாகையை ஒட்டியே உருகத் தொடங்குவதால், 327 பாகை கேட்கும் ஈயத்தைவிட அவற்றைக் கையாள்வது எளிது. ஆனால் அதே அச்சில் வார்த்தால் எடை சற்றுக் குறையும். எந்த உலோகமானாலும் உருகிய குழம்பில் ஒரு துளி நீரும் விழக் கூடாது. அது நொடியில் ஆவியாக வெடித்துக் குழம்பை வாரியிறைக்கும். அச்சை முன்கூட்டியே சூடாக்கி ஈரம் போக்குவதும், குழந்தைகளை அப்பக்கம் அண்டவிடாதிருப்பதும் கட்டாயம்.

கேள்வி (தஞ்சாவூர் மாவட்டம்): எங்கள் குளத்தில் பாஸ் இல்லை, விரால் உண்டு. இந்த லூர்கள் அதற்கு உதவுமா?

பதில்: பாஸுக்கென்று செய்யப்படும் உள்ளீடற்ற ரப்பர் தவளை விராலுக்கு மிகவும் பொருந்தும். முட்கள் முதுகோடு ஒட்டியிருப்பதால் அல்லி இலைகளுக்கும் ஆகாயத்தாமரைக்கும் மேல் சிக்காமல் இழுத்து வரலாம். வலுவான ராடும் பின்னல் நரம்பும் வேண்டும். நீர் வெடித்துச் சிதறிய அந்தக் கணமே சுண்டிவிடாமல், தவளை உள்ளே போய் நரம்பில் கனம் தெரிந்த பிறகே சுண்டுங்கள். விராலின் வடசீன உறவினம் ஒன்று 2002-இல் மேரிலாந்தின் ஒரு குட்டையில் கண்டறியப்பட்டு அமெரிக்காவையே பதறவைத்தது. இன்று போட்டமாக் ஆற்றில் அதைப் பிடிப்பவர்களும் இதே தவளையைத்தான் வீசுகிறார்கள். பிடித்ததைத் திரும்ப விடாமல் கொன்றுவிடுமாறு அங்கே கேட்டுக்கொள்கிறார்கள். நம்மவர்கள் குழம்பு வைக்கிறார்கள்.

கேள்வி (அட்லாண்டா): நான் செய்யும் லூர்களை நண்பர்கள் விலைக்குக் கேட்கிறார்கள். விற்கலாமா?

பதில்: விற்கலாம், ஆனால் லூரைச் செய்து விற்பவர் விற்பனை விலையில் 10 விழுக்காட்டை மத்திய ஆயத்தீர்வையாகச் செலுத்த வேண்டும் என்பது வீட்டுக் கொட்டகையில் செதுக்குபவர்களுள் பலரும் அறியாத செய்தி. அதற்கான படிவத்தின் எண் 720. மாநில விற்பனை வரி இதில் சேராது. திரளும் தொகை மீன்வளப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்கே திரும்பப் போகிறது. விலை வைக்கும்போது எபாக்சியின் செலவோடு இதையும் கூட்டிக்கொள்ளுங்கள். நண்பரிடம் பிறகு கேட்பது சங்கடம்.