உள்ளூர் விவசாயிகளையும் உணவு வாங்குவோரையும் நேரடியாக இணைப்பது எப்படி?

மொரிஷியஸில் எங்கள் ஊர்க் கோவிலின் அன்னதானத்துக்குக் காய்கறி வாங்கும் பொறுப்பைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருவதால், அந்த அனுபவத்தைக் கொண்டே பதில் எழுதுகிறேன். தைப்பூசக் காவடியன்று வருகிற அனைவருக்கும் வாழையிலையில் ஏழு கறியுடன் சோறு பரிமாறுவது இங்குள்ள வழக்கம். முன்பெல்லாம் அதற்கு முந்தைய வாரத்தில்தான் சந்தைக்குப் போவோம்; தீவின் கோவில்கள் எல்லாம் அப்போது பூசணியையும் கத்தரியையும் வாழைக்காயையும் தேடுவதால் விலை ஏறியிருக்கும், ஆனால் ஏறிய பணம் பயிரிட்டவர் கைக்குப் போய்ச் சேராது.

எனவே, பேச்சு விதைப்பதற்கு முன்பே நடக்க வேண்டும் என்பதே நான் கண்டறிந்தது. கத்தரி நாற்று நட்டுக் காய்க்க இரண்டு மாதத்துக்கு மேலாகும், பூசணிக்கு மூன்று மாதமாவது வேண்டும். ஆதலால் தீபாவளிக்கு முன்பே லா மாரி என்ற ஊரில் இரு தோட்டக்காரர்களிடமும் பெல் மார் என்ற ஊரில் ஒருவரிடமும் எத்தனை கிலோ, என்ன விலை, எந்த நாள் என்று பேசி, விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்துவிடுகிறோம். மீதியை மூட்டை எடைபோட்ட இடத்திலேயே கொடுப்போம். இதில் ஒருமுறை தவறினாலும் அடுத்த ஆண்டு அவர் நமக்காக விதைக்க மாட்டார். ஆண்டு முழுவதும் ஒரே அளவுக் காய் கேட்கும் விடுதிகளைவிட, நாள் குறித்து வாங்கும் கோவில், திருமண வீடு போன்றவற்றிலிருந்து தொடங்குவதே சிறுதோட்டக்காரருக்கு ஏற்றது.

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் தாக்கியது. தைப்பூசமோ 25ஆம் தேதி. லா மாரியிலிருந்து பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, கத்தரி முழுவதும் சாய்ந்துவிட்டது என்று இங்கு பேசப்படும் கிரியோல் மொழியில் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. நேரில் போனேன். கொட்டகைக்குள் கரும்புச் சோகையைப் பரப்பி, முன்னரே பறித்த பூசணிகளைக் காம்பு ஒடியாமல் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். சேப்பங்கிழங்கும் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. எங்கள் சமையல்காரர்கள் கத்தரியை விட்டுவிட்டு, பூசணியில் இரண்டு கறியும் கிழங்கில் ஒன்றும் செய்தார்கள். அதுமுதல் எங்கள் ஒப்பந்தத்தாளில், புயல் அடித்தால் எந்தக் காய் என்பதைத் தோட்டக்காரரே முடிவு செய்யலாம், மொத்த எடைக்குரிய பணத்தைக் கோவில் கொடுக்கும் என்றொரு வரியைச் சேர்த்திருக்கிறோம்.