ஒரே தொழுவத்துச் சொற்கள்

கேள்வி: தன்பாலீர்ப்பாளர்களில் சிலர், பிள்ளை பெற்றவர்களை ஆங்கிலத்தில் ‘ப்ரீடர்’ என்று நக்கலடிக்கிறார்களாமே? நாம் ஒரு வார்த்தை சொன்னால் பிற்போக்கு, அவர்கள் சொன்னால் மட்டும் நகைச்சுவையா?
– மூன்று பிள்ளைகளின் தகப்பன்

பதில்: நகைச்சுவை இல்லை ஐயா, வசவுதான். நாயையும் குதிரையையும் இனம் பெருக்கி வளர்ப்பவருக்கும், குட்டி ஈனும் விலங்குக்கும் உள்ள பெயர் அது. நம் கொச்சையில் சொன்னால் ‘குட்டி போடுற கூட்டம்’. மூன்று பிள்ளைகளுக்காக ராத்தூக்கம் கெட்ட மனிதருக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் பிள்ளையே வேண்டாம் என்று முடிவெடுத்த ஆண்–பெண் ஜோடிகள் சிலரும் இந்தச் சொல்லைக் கையில் எடுத்திருக்கிறார்கள். உங்கள் ‘அவர்கள்’ பட்டியலைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள்.

‘நாம் ஒரு வார்த்தை’ என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. ஒரு வார்த்தையா? நம் பக்கத்துச் சொற்களை வரிசையாக அச்சிட்டால் இந்தப் பக்கம் போதாது. (போதினாலும் அச்சிட மாட்டேன்.) அந்தச் சொற்களுக்குப் பின்னால் போலீசும் மருத்துவமும் நின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1973இல். உலக சுகாதார நிறுவனத்துக்கு அதற்கு 1990 ஆயிற்று. ப்ரீடர் என்று ஏச்சு வாங்கியதால் ஒருவர் ஜெயிலுக்குப் போனதாகவோ, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்ததாகவோ நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் பக்கம் பறிகொடுத்திருக்கிறார்கள். போர்ச்சுகலில் ஒரு தகப்பன். மணவாழ்க்கை முறிந்து ஓர் ஆணோடு வாழ்ந்தார். அவருடைய மகளைத் தாயிடம் ஒப்படைத்த லிஸ்பன் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் வாழ்வது இயல்புக்கு மாறான வாழ்க்கை, அதன் நிழலில் குழந்தைகள் வளரக் கூடாது என்று 1996இல் எழுதியது. இது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் சொன்னபோது 1999 டிசம்பர் ஆகிவிட்டது. இந்த மனிதரை எந்தச் சொல்லால் திட்டுவது? நம் வசவும் அவர் மேல் விழும், அவர்கள் வசவும் விழும். ‘ப்ரீடர்’ என்று சிரிக்கிறவர்கள் மறந்துவிடுவது இவரைத்தான், தங்களிலேயே ஒருவரை.

இன்னொன்றும் உறுத்துகிறது. ‘மலடு’ என்று மாட்டையும் சொல்கிறோம், பெண்ணையும் சொல்கிறோம். கன்று போட்டால் இளக்காரம், போடாவிட்டால் ஏச்சு. இரண்டு சொல்லும் ஒரே தொழுவத்திலிருந்து வருகின்றன. இத்தனைக்கும் குறளில் தாய் மகிழ்வது ‘ஈன்ற பொழுதின்’ பெரிதாக. அந்த அருமையான சொல்லை இன்று பசுவுக்கு ஒதுக்கிவிட்டோம்.

நானும் யோக்கியன் இல்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு சிறுகதையில் மாமியார் வாயில் வந்த ‘மலடி’யைச் சிவப்பு மையால் அடித்தேன். எழுதியவர் போன் செய்து, “அந்தம்மா வேற எப்படி சார் பேசும்?” என்றார். நியாயம்தான், விட்டுவிட்டேன். மெய்ப்பு பார்த்த அம்மாவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம், குழந்தை இல்லை. ஒரு புள்ளியைக்கூடத் தப்பவிடாதவர். இதழ் வந்த பிறகு பார்க்கிறேன், அந்த வரியில் மட்டும் ஒற்றுப்பிழை அப்படியே கிடக்கிறது.