எவரெஸ்ட் உச்சியில் கடல் உயிரினங்களின் புதைபடிவம் இருக்கிறதாமே, அது எப்படி?

உண்மைதான். அந்த உச்சிப் பாறை உருவானதே கடலுக்கடியில். சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆழமில்லாத கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறை அது. கடல் அல்லி (பூப் போலத் தெரியும் கடல் விலங்கு), டிரைலோபைட் (அழிந்துபோன, ஓடுள்ள கடல் உயிரி) ஆகியவற்றின் உடைந்த துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

சரி, அது மேலே வந்தது எப்படி? இந்தியாவைச் சுமக்கும் பெரும் பாறைப் பாளமான இந்தியத் தட்டு வடக்கே நகர நகர, நடுவில் இருந்த டெதிஸ் கடலின் தரை ஆசியாவுக்கு அடியில் செருகி மறைந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இரு கண்டங்களும் மோதின. கண்டப் பாறை எடை குறைவு, கடல்தரை மாதிரி எளிதில் உள்ளே போகாது. அதனால் அந்தச் சுண்ணாம்புப் பாறை படிந்திருந்த இந்தியாவின் வடக்கு விளிம்பு பிளந்து, பாளம் பாளமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியது.

எனக்கு இன்னும் வியப்பாக இருப்பது அடியில் நடந்தவைதான். ஆழத்தில் சிக்கிய களிமண் படிவுகள் வெந்து, நசுங்கி, கார்னெட் என்ற கனிமப் படிகங்கள் பதிந்த, வரிவரியான நைஸ் பாறையாக மாறின. கொஞ்சம் உருகவும் செய்து, சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெளிர்நிறக் கிரானைட்டாக இறுகியது. எவரெஸ்டில் ஏறுபவர்கள் இந்தப் பாறைகளைத் தாண்டி, மஞ்சள் பட்டை எனப்படும் பளிங்கு அடுக்கைக் கடந்துதான் உச்சிச் சுண்ணாம்புப் பாறைக்கு வருகிறார்கள்.

கடல் இருந்ததற்கான சாட்சி நம் பூஜை அறைகளிலேயே இருக்கிறது. நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமத்தில் தெரியும் சுருள், அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓடு.

மோதல் இன்னும் ஓயவில்லை. 2015 நேபாள நிலநடுக்கத்துக்கும் அதுவே காரணம்.