வானிலை மாடல் வெயில் கணக்கை எப்படிச் சீக்கிரம் முடிக்கிறது?
வெயிலும் பூமி விடும் வெப்பமும் காற்றைக் கடக்கையில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்ற கணக்குதான் கதிர்வீச்சுக் கடத்தல். நீராவி ஒவ்வொரு அலைநீளத்தையும் ஒவ்வொரு அளவில் விழுங்கும். அதனால் லட்சக்கணக்கான அலைநீளப் புள்ளிகளில் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

இடுக்கி மலையிலிருந்து எங்கள் போடிக்கு இறங்கும் ஏலக்காயைப் பாருங்கள். காய் காயாகவா விலை வைக்கிறோம்? சல்லடையில் பருமன்வாரியாகப் பிரித்து, ரகத்துக்கு ஒரு விலை. அதேபோல அலைநீளங்களையும் காற்று அவற்றை உறிஞ்சும் வலிமைப்படி அடுக்கி, பிரிவுக்கு ஒரு கணக்கு. உயரம் ஏற ஏற அழுத்தம் மாறினாலும் இந்த வரிசை பெரும்பாலும் குலையாது, வித்தையே அதுதான். வானிலை மாடல்களில் பரவலாகப் புழங்கும் ஆர்ஆர்டிஎம்ஜி (RRTMG) என்ற கணக்கு முறைக்குப் பூமி விடும் வெப்பத்துக்கு 140, வெயிலுக்கு 112 பிரிவுகளே போதும்.

அப்புறம், இது குத்துமதிப்பு இல்லை. முழுக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த சுருக்கம்.