கணக்காளரின் ஆட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செஸ் வீரர் சாமுவேல் ரெஷெவ்ஸ்கியைப் பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். பன்னிரண்டு வயதில் ஆட்டத்தை நிறுத்திப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்காமல் இருந்திருந்தால் அவர் உலக சாம்பியன் ஆகியிருப்பார் அல்லவா? படிப்பு ஒரு மேதையைக் கெடுத்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

1920இல் பிரான்சில் எடுத்த அந்தப் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். எட்டு வயதுப் பையன் நின்றுகொண்டு ஒரே நேரத்தில் பலரோடு ஆடுகிறான். எதிரே வரிசையாகத் தாடி வைத்த பெரியவர்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. போலந்தில் பிறந்து நான்கு வயதில் ஆட்டம் கற்ற குழந்தை அது. அந்த வருடக் கடைசியில் அமெரிக்கா வந்ததும் ஊர் ஊராக ஆட அழைத்துப் போனார்கள். பள்ளிக்கூடமே கிடையாது. கடைசியில் பெற்றோர் நியூயார்க்கில் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. சியர்ஸ் ரோபக் கம்பெனியின் ஜூலியஸ் ரோசன்வால்ட் உதவ முன்வந்தார். பையன் படித்து முடிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய நிபந்தனை.

அது கெடுதல் என்று நான் நினைக்கவில்லை. 1924க்குப் பிறகு பல வருடங்கள் அநேகமாகப் போட்டிப் பக்கமே வரவில்லை, சரி. 1934இல் ஷிகாகோ பல்கலைக்கழகத்தில் அக்கவுண்டிங் பட்டம் வாங்கினார். மறுவருடமே இங்கிலாந்தின் மார்கேட்டில் நடந்த போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவைத் தோற்கடித்து முதலிடம்!

இழப்பு இருந்தது. ஓப்பனிங்குகளை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை, அவர் ஆழமாகப் படித்ததில்லை. மற்றவர்கள் வீட்டிலேயே யோசித்து வைத்திருந்ததை இவர் பலகை முன்னால் உட்கார்ந்துதான் கண்டுபிடிப்பார். அதற்குள் அவருக்குத் தரப்பட்ட நேரத்தில் பாதிக்கு மேல் ஓடிவிடும். அப்புறம் மீதி நகர்த்தல்களை அவசர அவசரமாக ஆடுவார். ஆனால் அந்த நெருக்கடியில் பெரும்பாலும் எதிராளிதான் தடுமாறுவார். சோவியத் வீரர்களுக்கு அரசாங்கமே பின்னால் நின்றது. இவருக்கு வேலை, குடும்பம், யூத மத வழக்கப்படி சூரியன் மறையும்வரை காயைத் தொடாத சனிக்கிழமை. அப்படியும் 1948 உலக சாம்பியன் போட்டியில் சோவியத் வீரர் கெரெசுடன் சமமாக மூன்றாம் இடம். 1955இல் மாஸ்கோவிலேயே, அப்போதைய உலக சாம்பியன் போத்வின்னிக்கை நான்கு ஆட்டங்களில் 2.5-1.5 என்ற புள்ளிக்கணக்கில் வென்றார்.

1936இல் முதன்முதலாக அமெரிக்க சாம்பியன் ஆனவர், 1969இல், 58 வயதில், மறுபடியும் அந்தப் பட்டத்தை வென்றார். எட்டு வயதில் தொடங்கிய ஊர்வலம் நிற்காமல் போயிருந்தால், அந்த வயதில் ஆட அவருக்கு ஆசை மிச்சம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.